பெயரில்லாத பழைய வில்லைச் செய்தது யார்? கண்டுபிடிக்க ஒரு தொடக்கப் பாடம்

வேப்பேரியிலோ பரங்கிமலையிலோ ஒரு பழைய வீட்டைக் காலி செய்கிறார்கள், பரணிலிருந்து ஒரு வில் இறங்குகிறது. இல்லையென்றால் ஏலத்தில் எடுத்த தேக்கு அலமாரியோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அதுவும் இல்லையென்றால் எழுபதுகளில் அமெரிக்காவில் படித்துவிட்டுத் திரும்பிய பெரியப்பா விட்டுப்போனது. பெயர் இல்லை, நம்பர் இல்லை, ஸ்டிக்கர் இல்லை. எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி "இது எந்தக் கம்பெனி?" என்பதுதான். அதைக் கடைசியில் கேளுங்கள் என்பது என் கட்சி. பெயரையே தேடிக்கொண்டிருந்தால் ஒன்றும் கிடைக்காது. வில் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தால், இதைச் செய்திருக்க முடியாதவர்கள் ஒவ்வொருவராகக் கழிந்து போவார்கள், கடைசியில் இரண்டு மூன்று பேர் மிஞ்சுவார்கள். சில சமயம் ஒருவர் மிஞ்சுவார். ஒருவருமே மிஞ்சாமல் போவதும் உண்டு, அதுவும் விடைதான்.

இரண்டு சொற்களை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கைப்பிடியோடு இருக்கும் தடித்த பகுதி ரைசர். அதற்கு மேலும் கீழும் வளைகிற பகுதிகள் லிம்ப். வில்வித்தைப் பயிற்சிக்குப் போகிற பிள்ளைகள் எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள், நாமும் அப்படியே சொல்வோம்.

நம் ஊர் என்பதால் முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்: இது நிஜ வில்தானா? புராணப் படங்கள் வரிசையாக எடுத்த ஊர் இது. கோடம்பாக்கம், வடபழனிப் பக்கம் சினிமாவுக்கு வாடகைப் பொருள் கொடுத்தவர்களிடம் ராமனுக்கும் அர்ஜுனனுக்கும் கொடுத்த வில்கள் குவிந்து கிடந்த காலம் உண்டு. அவற்றில் ஒன்று வீடு மாறி வந்திருக்கலாம். ஜிகினா, தங்கப் பெயின்ட், காகிதக்கூழ் வேலை இதெல்லாம் தெரிந்தால் சுலபம். பெயின்ட் உதிர்ந்து வெறும் மரமாக நிற்பதுதான் ஏமாற்றும். அப்போது லிம்பின் தடிமனைப் பாருங்கள். நிஜ வில்லில் கைப்பிடியிலிருந்து நுனிவரை தடிமன் சீராகக் குறைந்துகொண்டே போகும், வளைவு லிம்ப் முழுக்கப் பரவ வேண்டும் என்பதற்காகச் செய்யும் வேலை அது. படத்துக்குச் செய்த வில் வளைய வேண்டிய அவசியமே இல்லை, அழகாக இருந்தால் போதும், அதனால் தடிமன் ஒரே மாதிரியாகவோ இஷ்டத்துக்கோ இருக்கும். சுற்றுலாத் தலங்களில் விற்கும் கலர் நூல் சுற்றிய மூங்கில் வில்லுக்கும் இதே சோதனைதான்.

அடுத்தது, நாண் ஏற்றிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். பழைய வில்கள் உடைவதற்கு முக்கியக் காரணமே இதுதான். ரிகர்வ் எனப்படும் நுனி முன்னோக்கி வளைந்த வில்லை, நாண் இல்லாமல் பார்க்கும் புதியவர்கள் தலைகீழாக வளைத்து நாண் கட்டிவிடுவார்கள். மொகலாயர் காலப் பாணியில் கொம்பும் தசைநாரும் ஒட்டிச் செய்த வில் இன்னும் மோசம். நாணை இறக்கினால் அது எதிர்ப்பக்கமாகச் சுருண்டுகொள்ளும், அந்தச் சுருளையே வில்லின் வளைவு என்று நினைத்து அதே திசையில் இன்னும் வளைத்தால் ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். சரியான பக்கம் ஏற்றினாலும் நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் பசை விட்டுப்போயிருக்கலாம். ஒரு பஞ்சுத் துண்டை லிம்ப் முழுக்கத் தடவுங்கள், சிம்பு கிளம்பிய இடத்தில் பஞ்சு சிக்கும். நுனியிலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தால் லிம்ப் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று தெரியும். அம்பு வைக்காமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய வேகம் முழுதும் வில்லுக்குள்ளேயே திரும்பிவிடும், புது வில்லே தாங்காது.

சரி, இனி இனம் பிரிப்போம்.

முழுக்க மூங்கில், நாணும் மூங்கில் சிம்பிலேயே இழைத்தது என்றால் மத்திய இந்தியப் பழங்குடிகளின் வில்லாக இருக்கலாம். நடுவில் ஒடுங்கி, மேலும் கீழும் துடுப்பு மாதிரி அகன்று, ஆங்கில எஸ் எழுத்துபோல வளைந்திருந்தால் கிரேட் அந்தமான் மக்களின் வில் என்று யோசிக்கலாம். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் கப்பல் ஓடிக்கொண்டே இருக்கிறது, அங்கே வேலை பார்த்துத் திரும்பிய குடும்பங்களில் இப்படி ஒன்று இருப்பது அதிசயமில்லை. இவற்றில் தனி ஒருவர் பெயரைத் தேடுவதில் பயனில்லை, எந்த மக்கள், எந்தப் பகுதி என்பதே போதுமான விடை. கம்பியிழை வேலைப்பாடு உள்ள முழு எஃகு வில்களும் இந்தியாவில் செய்யப்பட்டன. பழைய இந்திய ஆயுதங்களை நேரில் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகம் போய் வரலாம். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதக் கிடங்கிலிருந்து வந்தவை அங்கே இருக்கின்றன, பழைய வேலை எப்படியிருக்கும் என்று கண்ணுக்குப் பழகும்.

நீளமாக, மெல்லியதாக, ஆறடிக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ, இரண்டு நுனியிலும் கொம்புக் குப்பி மாட்டியிருந்தால் இங்கிலாந்து வில்லாக இருக்க வாய்ப்பு அதிகம். விக்டோரியா காலத்தில் கனவான்களுக்கும் சீமாட்டிகளுக்கும் அம்பெய்வது பெரிய பொழுதுபோக்கு, இந்தியாவுக்கு வந்தவர்கள் அதையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். சீமாட்டிகளுக்கான வில் ஐந்தரை அடிக்குள் இருக்கும். மரம் யூ என்றால் இரண்டு நிறம் தெரியும்: இலக்கைப் பார்க்கும் முகம் வெளுப்பு, எய்பவரைப் பார்க்கும் முகம் ஆரஞ்சு கலந்த பழுப்பு. கைப்பிடிக்குச் சற்று மேலே சின்னதாக ஒரு முத்துச்சிப்பித் தகடு பதித்திருக்கும், அம்பு உரசிப் போகும் இடம் தேயாமல் இருக்க. இந்தத் தகடு எந்தப் பக்கம் என்று பார்த்தால் வலக்கைக்காரர் வில்லா இடக்கைக்காரர் வில்லா என்பதும் தெரிந்துவிடும். லண்டனின் ஆல்ட்ரெட், புக்கானன், ஏர்ஸ், எடின்பரோவின் மியூர் போன்றவர்கள் கைப்பிடிக்கு அருகே பெயரை மரத்தில் அச்சாக அழுத்திவிடுவார்கள், இழுவை எடையும், அதாவது நாணை இழுக்க வேண்டிய பலமும், பவுண்டில் பக்கத்திலேயே இருக்கும். ஆகவே இங்கிலாந்து வில்லில் "பெயர் இல்லை" என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் கைப்பிடியைச் சுற்றி ஒரு விரற்கடைகூட விடாமல் பார்க்க வேண்டும். மேலே பூசிய வார்னிஷ் அச்சின் பள்ளத்தை நிரப்பியிருக்கும்.

மரமே இல்லாமல் எஃகுக் குழாயாக இருந்தால் வேலை சுலபம். இங்கிலாந்தில் ஓல்ட்பரியின் ஆக்கிள்ஸ் அண்ட் போலக் என்ற குழாய்க் கம்பெனி அப்போலோ என்ற பெயரில் இப்படிச் செய்தது. ஸ்வீடனில் சீஃபாப் செய்தது. இவை உள்ளுக்குள் துருப்பிடிக்கும், வெளியே பளபளவென்று இருக்கும், இழுக்கும்போது முறியும். கடற்காற்று அடிக்கும் ஊரில் இவற்றை யாரும் எய்யவே வேண்டாம், சுவரில் மாட்டி வையுங்கள்.

இனி பெரிய கூட்டத்துக்கு வருவோம். மரத்தின் இரு முகத்திலும் ஃபைபர்கிளாஸ் ஒட்டிய வில் என்றால், அது பெரும்பாலும் 1950களுக்குப் பிறகு வந்தது, பெரும்பாலும் அமெரிக்கா. பெரியப்பா கொண்டு வந்தது இந்த வகையாகத்தான் இருக்கும். பெயர் தெரியாமல் நம்மைத் திண்டாட வைப்பதும் இதுதான், கண்டுபிடிக்க அதிகத் தடயம் தருவதும் இதுதான்.

பெயர் ஏன் இல்லை என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று காரணங்கள் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. முதலாவது, பெயர் இருந்தது, அழிந்துவிட்டது. அந்தக் காலத்தில் பெயரை லிம்பின் மேல் அச்சிட்டோ, டிகால் எனப்படும் மெல்லிய அச்சுப் படத்தை ஒட்டியோ வைத்தார்கள், கை பட்டு, துடைத்து, வெயில் பட்டு அது போய்விடும். ஆனால் எழுத்து இருந்த இடத்தில் வார்னிஷ் வேறு மாதிரி வயதாகியிருக்கும். அறையை இருட்டாக்கி, டார்ச்சை லிம்போடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்து, நீளவாக்கில் மெதுவாக நகர்த்துங்கள். போனில் படம் எடுத்து கான்ட்ராஸ்டை ஏற்றிப் பாருங்கள். முழுப் பெயர் கிடைக்காது, இரண்டு எழுத்தும் ஒரு கோடும் கிடைக்கும், பல நேரம் அதுவே போதும். தயவுசெய்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பாலிஷ் போடும் ஆசாரியிடம் கொடுத்து "புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்கள்" என்று சொல்வதும் அதே கதைதான், மிச்சமிருந்த சாட்சியும் போய்விடும்.

நம்பர் எங்கே இருக்கும்? ரைசர் மெலிந்து லிம்பாக மாறும் இடத்தில், ரைசரின் பக்கவாட்டில், அம்பு செல்வதற்காக வெட்டிய பகுதிக்குள்ளே, சில நேரம் தோல் கைப்பிடிக்கு அடியில். பேனாவால் எழுதியது, கூர்முனையால் கீறியது என்று எப்படியும் இருக்கலாம். தோல் தானாகவே விட்டுப்போயிருந்தால் தூக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஏ.எம்.ஓ. என்ற எழுத்துகளைக் கண்டால் அதை மாடல் பெயர் என்று நினைக்க வேண்டாம், அது அமெரிக்க வில்வித்தைத் தயாரிப்பாளர் சங்கத்தின் பெயர்ச் சுருக்கம், பக்கத்தில் உள்ளது அங்குல நீளம். # குறியோடு வரும் எண் இழுவை எடை, வழக்கமாக 28 அங்குலம் இழுத்தபோது எத்தனை பவுண்டு என்பது.

இரண்டாவது காரணம், செய்தவர் ஒருவர், விற்றவர் வேறொருவர். அமெரிக்காவின் பெரிய கடைகள் தொழிற்சாலைகளிடம் வில்லைச் செய்து வாங்கி, தங்கள் பெயரில் விற்றன. கடையின் ஸ்டிக்கர் உரிந்து போனால் வில்லுக்குச் சாதியும் இல்லை குலமும் இல்லை. மூன்றாவது, வீட்டிலேயே செய்தது. ஐம்பது அறுபதுகளில் ஃபைபர்கிளாஸ் பட்டையும் மரத்துண்டும் தபாலில் வரவழைத்து, கராஜில் பசை போட்டு வில் செய்தவர்கள் அங்கே ஏராளம். மின்னசோட்டாவின் வசீக்காவிலிருந்த ஹெர்ட்டர்ஸ் என்ற தபால் வியாபாரக் கம்பெனி வில்லும் விற்றது, வில் செய்யும் பொருளும் விற்றது. லிம்புக்கான கண்ணாடியிழைப் பட்டையை கலிபோர்னியாவின் கார்டன் பிளாஸ்டிக்ஸ் என்ற ஒரே கம்பெனியிடமிருந்து பலரும் வாங்கினார்கள். அதனால்தான் "வெள்ளை கிளாஸ், ஆகவே இன்ன கம்பெனி" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் என்கிறேன். நிறம் ஒன்றை மட்டும் வைத்து எதுவும் நிரூபணமாகாது.

எது நிரூபிக்கும் என்றால், என் கணக்கில் முதலிடம் ரைசரின் வெளிக்கோட்டுக்கு. தொழிற்சாலையில் ஒரு மாடலின் எல்லா வில்லையும் ஒரே அச்சுப் பலகை வைத்துத்தான் அறுப்பார்கள். மரம் வருஷத்துக்கு வருஷம் மாறும், நிறம் மாறும், கைப்பிடியின் பள்ளமும் மேலே உள்ள வளைவும் அவ்வளவு சீக்கிரம் மாறாது. வில்லை வெள்ளைத்தாளில் படுக்க வைத்து, பென்சிலால் ரைசரைச் சுற்றிக் கோடு போட்டுவிடுங்கள். இரண்டாவது, நுனி. நாண் மாட்டும் வெட்டுக்கு மேலே வேறு மரமோ பிளாஸ்டிக்கோ அடுக்காக ஒட்டியிருப்பார்கள், எத்தனை அடுக்கு, என்ன நிறம், மேலிருந்து பார்க்க முனை கூரா மொட்டையா என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. மூன்றாவது, ரைசர் மரம் லிம்புக்குள் போய் மறையும் இடத்தின் வடிவம், பக்கவாட்டில் தெரியும் அடுக்குகளின் எண்ணிக்கை. இந்த மூன்றும் ஒரே பெயரைச் சொன்னால் நம்பலாம். ஒன்று மட்டும் சொன்னால் அது தற்செயலாகவும் இருக்கலாம்.

காலத்தைச் சுருக்க இன்னும் சில பிடிகள் உண்டு. ரைசரில் அம்புக்காக ஆழமாக வெட்டிய ஜன்னல் இருந்தால் பெரும்பாலும் ஐம்பதுகளுக்கு இப்பால். ரைசரின் முன்பக்கம் திருகாணி போடும் பித்தளைத் துளை இருந்தால், அதுவும் தொழிற்சாலையிலேயே போட்டதாகத் தெரிந்தால், 1961க்குப் பிறகு என்று பெரும்பாலும் சொல்லலாம், ஏனென்றால் வில் ஆடாமலிருக்க முன்னால் திருகிக்கொள்ளும் எடைக் கம்பியான ஸ்டெபிலைசரை ஏர்ல் ஹாய்ட் அறிமுகப்படுத்தியது அந்த வருஷம்தான். கப்பியும் கேபிளும் இருந்தால் காம்பவுண்ட் வில், அதற்கு ஹோலஸ் ஆலன் காப்புரிமை பெற்றது 1969இல், அதற்குச் சற்று முன்புவரை அப்படியொன்று கிடையாது.

பேர் ஆர்ச்சரி (Bear Archery) என்ற அமெரிக்கக் கம்பெனியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பரண்களிலிருந்து இறங்குவதில் இவர்களுடையது நிறைய. ஃபிரெட் பேர் தொடங்கிய கம்பெனி, மிச்சிகனின் கிரேலிங்கில் பல வருஷம் இருந்துவிட்டு 1978இல் புளோரிடாவின் கெயின்ஸ்வில்லுக்கு மாறியது, ஆகவே லிம்பில் கிரேலிங் என்ற எழுத்தின் நிழல் தெரிந்தால்கூடக் காலம் தெரிந்துவிடும். 1959 முதல் ரைசரில் வட்டமாக ஒரு உலோகக் காசைப் பதித்தார்கள், எழுபதுகளின் தொடக்கம்வரை அது மரத்தோடு மட்டமாக இருக்கும், பிறகு மேலே புடைத்த வட்டத் தகடாக மாறியது. காசு விழுந்துபோயிருந்தாலும் வட்டப் பள்ளம் இருக்குமே, அதைத் தேடுங்கள். அறுபதுகளின் பிற்பாதி வில் என்றால் நம்பரின் முதல் இலக்கமே வருஷம்: 7இல் தொடங்கினால் 1967. ஆனால் 1953 என்று எழுதியிருந்தால் அது வில்லின் வயது இல்லை. கனடாக் காப்புரிமையின் வருஷம் அது, பின்னால் வந்த வில்களிலும் அப்படியே அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். இதைப் பார்த்துவிட்டு "1953ஆம் வருஷத்து அபூர்வ வில்" என்று விலை சொல்பவரிடம் ஒரு புன்னகையோடு நகர்ந்துவிடலாம்.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அர்க்கன்சாஸின் பைன் பிளஃபில் பென் பியர்சன், மலிவு வில்லிலிருந்து உயர்தரம்வரை ஏகப்பட்டது செய்தவர். கலமசூவில் ஷேக்ஸ்பியர், நாடகக்காரர் இல்லை, தூண்டில் கம்பெனி. டெக்சஸில் பாப் லீயின் விங். யாக்கிமாவில் டாமன் ஹோவாட், இது பிறகு மார்ட்டின் என்ற வில் கம்பெனியின் கைக்குப் போனது. இப்படிக் கம்பெனி கைமாறும்போதும், முதலாளி வெளியேறித் தன் பெயரில் புதுக் கடை திறக்கும்போதும் (பாப் லீ பிறகு அதைத்தான் செய்தார்) ஒரே கையின் வேலை இரண்டு பெயரில் வரும். விடை இரண்டாகத் தெரிந்தால் உடனே குழம்ப வேண்டாம், இரண்டும் சரியாக இருக்கலாம். அப்புறம், ஒரே அச்சில் வார்த்த குட்டி ஃபைபர்கிளாஸ் வில், ரப்பர் கைப்பிடியோடு, "இந்தியன்" என்று எழுதியிருந்தால் நம் நாட்டுத் தயாரிப்பு என்று பெருமைப்பட்டுவிடாதீர்கள். அது அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து எவன்ஸ்வில் கம்பெனி, குழந்தைகளுக்கான வில் செய்து விற்றவர்கள்.

இவ்வளவும் குறித்துக்கொண்ட பிறகுதான் பழைய கேட்டலாக்குகளைப் புரட்ட வேண்டும். சேகரிப்பாளர்கள் அறுபது எழுபதுகளின் கேட்டலாக்குகளை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். நீளத்தை அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள், தையல்காரர் டேப் போதும், லிம்பின் வளைவோடு ஒட்டினாற்போல் நுனிவெட்டிலிருந்து நுனிவெட்டுவரை. பழைய நாண் கூடவே இருந்தால் அதன் நீளத்தோடு மூன்று அங்குலம் கூட்டினால் ரிகர்வ் வில்லின் ஏ.எம்.ஓ. நீளம் ஏறக்குறைய வந்துவிடும். யாரிடமாவது கேட்பதாக இருந்தால், சோபாவில் சாய்த்து வைத்து எடுத்த ஒரே படத்தை அனுப்பிவிட்டு "என்ன விலை போகும்?" என்று கேட்காதீர்கள். நாண் இல்லாமல் பக்கவாட்டில் முழு வில், ரைசரின் இரு பக்கம், இரு நுனிகள், லிம்பின் இரு முகம், எல்லாவற்றிலும் ஓர் அளவுகோல். இவ்வளவும் இருந்தால் தெரிந்தவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார், இல்லையென்றால் அவரும் நம்மோடு சேர்ந்து ஊகம்தான் செய்வார். இன்னொன்று, பழைய டிகால்களும் காசுகளும் புதிதாக அச்சடித்து விற்கப்படுகின்றன, பழுதுபார்ப்பவர்களுக்காக. அதனால் பெயர் பளிச்சென்று இருக்கிற வில்லையும் ரைசர், நுனி, அடுக்கு என்ற அதே மூன்றையும் வைத்துச் சோதிக்கத்தான் வேண்டும்.

கடைசியில் வில்லோடு ஒரு சீட்டு எழுதி வையுங்கள். "பேர் கம்பெனி வில்" என்று எழுதுவதும் "அமெரிக்கா, 1960கள், பேர் கம்பெனியாக இருக்கலாம், ரைசர் வடிவமும் நுனியும் பொருந்துகின்றன, நம்பர் இல்லை" என்று எழுதுவதும் ஒன்றில்லை. இரண்டாவது சீட்டைப் படிப்பவர் நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து தொடரலாம்.

வில்லின் வயது நூறைத் தாண்டுவதாகத் தெரிந்தால் இன்னொரு விஷயம் இருக்கிறது. தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1972இன்படி நூறு வருஷத்துக்குக் குறையாத கலைப்பொருள் தொல்பொருள் ஆகிறது, அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. அமெரிக்காவிலிருக்கும் பிள்ளைக்கு விக்டோரியா காலத்து வில்லை அனுப்பலாம் என்று நினைக்கிறவர்கள் அந்த எண்ணத்தைக் கைவிட வேண்டியதுதான். வயது குறைவு, ஆனால் பார்க்கப் பழசு என்றால், இந்தியத் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். அப்போது நீங்கள் எழுதி வைத்த சீட்டையும் எடுத்த படங்களையும் கூடவே கொண்டு போங்கள், பேச்சு சீக்கிரம் முடியும்.